நாலாம் மெஷினில் ஒரு வேர்ச்சொல்

"படிச்சது ஒண்ணும் மண்டையில தங்க மாட்டேங்கு மேடம்," என்றாள் ஜெபக்கனி.

ஊசியைக் குத்தி, டியூபை மாட்டி, மெஷினை ஓடவிட்ட பிறகுதான் சொன்னாள். அவள் அப்படித்தான். முதலில் வேலை, அப்புறம்தான் அழுகை.

படுத்திருந்த சங்கரவடிவு கண்ணைத் திறக்கவில்லை.

"எது தங்கல?"

"இங்கிலீஷ்தான். வேற எது என் உயிரை எடுக்கு?"

பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் வார்டு அது. அங்கே யாருக்கும் பெயர் கிடையாது. மெஷின் நம்பர்தான் பெயர். "ரெண்டாம் மெஷினுக்கு பிரஷர் பாரு, அஞ்சாம் மெஷினுக்கு டீ குடு" என்றுதான் பேச்சு. சங்கரவடிவு நாலாம் மெஷின். வயது முப்பத்தைந்து. காலேஜில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவள், சிறுநீரகம் இரண்டும் கைவிட்டதால் வாரம் மூன்று நாள் இங்கே வந்து படுக்கிறாள். செவ்வாய், வியாழன், சனி.

ஜெபக்கனி அந்த வார்டின் சீனியர் நர்ஸ். நாற்பத்து நாலு வயது. நர்சிங் காலேஜில் பாடம் நடத்த வேண்டும் என்று அவளுக்கு ஓர் ஆசை. ஆசை என்று சொன்னால் போதாது, வெறி. அதற்கு மேல்படிப்பு வேண்டும். மேல்படிப்புக்கு நுழைவுத் தேர்வு. நுழைவுத் தேர்வில் இங்கிலீஷ் பேப்பர். இரண்டு தடவை அந்தப் பேப்பர் அவளைக் குப்புறத் தள்ளிவிட்டது. வயது வரம்பு இந்த வருஷத்தோடு முடிகிறது. இதில் போனால் போனதுதான்.

ஆனால் எடுத்த காரியத்தை விடுகிற ஆள் இல்லை ஜெபக்கனி. ஃப்ரிட்ஜ் கதவில் வார்த்தை, கண்ணாடியில் வார்த்தை, ஸ்கூட்டரில் பெட்ரோல் முள்ளுக்குப் பக்கத்தில் வார்த்தை. சாம்பார் தாளிக்கும்போதும் உதடு அசைந்துகொண்டே இருக்கும். காலையில் ஏறியது சாயங்காலம் இறங்கிவிடும். மறுநாள் திரும்பவும் ஏற்றுவாள்.

"சுருக்கு வழி ஏதாவது இருந்தா சொல்லுங்க மேடம். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

சங்கரவடிவு மெஷின் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"இதுக்குப் பேரு என்ன சிஸ்டர்?"

"டயாலிசிஸ் மெஷின்."

"டயாலிசிஸ்னா?"

"ரத்தத்தைச் சுத்தம் பண்ணுறது."

"அது மெஷின் பார்க்கிற வேலை. அந்தச் சொல் என்ன சொல்லுது?"

"சொல் என்ன மேடம் சொல்லும்? அதுபாட்டுக்கு ஒரு பேரு."

"இத்தனை வருஷமா அதோடயே குடும்பம் நடத்துதீங்க. அது யாரு, எந்த ஊருன்னு விசாரிச்சதே இல்லையா?"

"இல்ல."

"விசாரிச்சிட்டு வாங்க."

அவ்வளவுதான். தூங்கிப்போனாள்.

ஜெபக்கனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்டது சுருக்கு வழி, கிடைத்தது வீட்டுப்பாடம். 'வார்த்தை வார்த்தையா ஊர் விசாரிச்சா நான் ரிட்டயர் ஆகித்தான் பரீட்சை எழுதணும்' என்று வாய்க்குள் முனகிக்கொண்டாள்.

டியூட்டி டாக்டர் இசக்கிராஜிடம் கேட்டாள். அவர் சின்ன வயசு, நல்ல மனுஷன், எப்போதும் அவசரம்.

"டயாலிசிஸ்னா டயாலிசிஸ்தான் சிஸ்டர். பரீட்சையில இதெல்லாம் கேக்கமாட்டான்."

கேட்கமாட்டான்தான். ஆனால் ஒருத்தி கேட்டுவிட்டாளே. பதில் தெரியாமல் மறுபடி நாலாம் மெஷின் பக்கம் எப்படிப் போவது? டியூட்டி முடிந்து ஜெபக்கனி நூலகத்துக்குப் போனாள். இருப்பதிலேயே தடியான அகராதியை இறக்கினாள். ஒவ்வொரு வார்த்தைக்குப் பக்கத்திலும் பொடி எழுத்தில் ஏதோ போட்டிருக்கும். இதுவரை அதைத் தாண்டித்தான் அவள் அர்த்தத்துக்குப் போயிருக்கிறாள். இன்றைக்கு அங்கேயே நின்றாள்.

வியாழக்கிழமை வந்ததும் முதல் பேச்சே அதுதான்.

"கிரேக்கச் சொல் மேடம். லிசிஸ்னா அவிழ்க்கிறது. டயான்னா தனித்தனியா. கலந்து கிடக்கிறதை அவிழ்த்துப் பிரிக்கிறது."

சங்கரவடிவு தலையை ஆட்டினாள்.

"இந்த வார்டுல வேற என்னல்லாம் அவிழ்ந்து கிடக்கு, பார்த்துட்டு வாங்க."

"வார்டுலயா?"

சங்கரவடிவு கண்ணை மூடிக்கொண்டாள்.

ஜெபக்கனி ஒரு சுற்று நடந்தாள். முதல் சுற்றில் ஒன்றும் அகப்படவில்லை. இரண்டாவது சுற்றில் ஐந்தாம் மெஷின் பக்கம் கால் நின்றது. அங்கே படுத்திருந்தவருக்குப் போன வருஷம் ஒரு கையும் காலும் விழுந்துவிட்டது.

பராலிசிஸ்.

பராவுக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாது. போனை எடுத்துப் பார்த்தாள். பக்கம். பக்கம் அவிழ்ந்துபோகிறது. நாம் என்ன சொல்கிறோம்? பக்கவாதம். கிரேக்கன் பார்த்த அதே பக்கத்தை நம் வைத்தியனும் பார்த்திருக்கிறான்.

அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

அதற்குப் பிறகு அவள் தேடவில்லை, வார்த்தைகளே தேடிக்கொண்டு வந்தன. சிவப்பணு உடைந்துபோகிற ஹீமோலிசிஸ். தினமும் ரத்தத்தில் அளந்து பார்க்கிற எலக்ட்ரோலைட். டாக்டர் வாய் ஓயாமல் சொல்லும் அனாலிசிஸ். எல்லாவற்றுக்குள்ளும் ஒரே ஆள் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். ஆறு மெஷினும் திரும்பிப் பார்த்தது.

"இன்னொண்ணு குடுங்க மேடம்," என்று ஓடிவந்தாள்.

"கால் இழுக்குது சிஸ்டர்."

சங்கரவடிவின் முகம் வெளிறியிருந்தது. டயாலிசிஸில் அப்படி வரும். கெண்டைக்கால் கல்லாக இறுகிவிடும். ஜெபக்கனி சலைன் ஏற்றிவிட்டு, கீழே உட்கார்ந்து அந்தக் காலைத் தேய்த்தாள். அன்றைக்கு வேறு பாடம் நடக்கவில்லை.

அடுத்த ஒரு மாதம் வார்டில் யாரும் நிம்மதியாகப் படுக்கவில்லை. ஜெபக்கனிக்கு வேர்ப்பைத்தியம் பிடித்துவிட்டது. மருந்து பாட்டிலைப் பிரித்தாள், நோயைப் பிரித்தாள், டாக்டர் பட்டத்தைப் பிரித்தாள். ரெண்டாம் மெஷினில் சுயம்புலிங்கம் அண்ணாச்சி. வாழைத் தோட்டக்காரர். அவரையும் விடவில்லை.

"உங்களுக்கு வந்தது நெஃப்ரைடிஸ் அண்ணாச்சி. நெஃப்ரோஸ்னா சிறுநீரகம், அது கிரேக்க வேர். ஐடிஸ்னா அழற்சி."

"அப்ப வேர் தெரிஞ்சிட்டுன்னு சொல்லுதிய?"

"தெரிஞ்சிட்டு."

"பிடுங்குங்க சிஸ்டர். நான் வீட்டுக்குப் போகுதேன்."

ஜெபக்கனியே சிரித்துவிட்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். ஊசி போட்டாள், டியூப் மாட்டினாள். வழக்கமாக மெஷின் ஓடத் தொடங்கியதும் அவள் வாயும் ஓடும். அன்றைக்கு மெஷின் மட்டும்தான் ஓடியது.

"என்ன சிஸ்டர்?"

"வேர் பொய் சொல்லுது மேடம்."

"எந்த வேர்?"

"ஆர்ட்டரி. ரத்தம் பாயுற தமனி. பழைய கிரேக்கத்துல போய்ப் பார்த்தா மூச்சுக்குழாய்னு போட்டிருக்கு. உள்ள காத்துதான் ஓடுதுன்னு நினைச்சிருக்கானுவ. காத்து எங்க ஓடுது? அதுல ஓடுறது ரத்தம்லா. இதை நம்பி நான் பரீட்சையில எழுதினா என் கதி என்ன ஆகுறது?"

"ஏன் காத்துன்னு நினைச்சான்?"

"அதையும் படிச்சேன். வெட்டிப் பார்க்கும்போது தமனி காலியா இருந்திருக்கு."

"யாரை வெட்டிப் பார்த்தான்?"

"செத்தவங்களை."

சங்கரவடிவு தன் கையைப் பார்த்தாள். அதிலிருந்து புறப்பட்ட டியூபில் ரத்தம் மெஷினுக்குப் போய்க்கொண்டிருந்தது, இன்னொரு டியூபில் திரும்பி வந்துகொண்டிருந்தது.

"நீங்க எதுல பார்க்கீங்க?" என்றாள்.

ஜெபக்கனி ஓடுகிற அந்த ரத்தத்தைப் பார்த்தாள். அன்று முழுக்க அவள் யாரிடமும் வேர் பேசவில்லை. அண்ணாச்சி கூட இரண்டு தடவை எட்டிப் பார்த்தார், சிஸ்டருக்கு மேலுக்குச் சரியில்லையோ என்று.

பரீட்சை வந்துவிட்டது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. அதற்கு முந்தின வியாழக்கிழமை ஜெபக்கனி நோட்டும் பேனாவுமாக வந்து நின்றாள்.

"மேடம், இனிமே ஒண்ணு ஒண்ணாக் குடுத்தா கட்டாது. ஒரு இருபது வேர் சேர்த்து எழுதிக் குடுங்க. ரெண்டு ராத்திரியில உருப்போட்டுருதேன்."

"ஃபிஸ்டுலா," என்றாள் சங்கரவடிவு.

"கையில ஊசி குத்துற இடம்லா, அது எனக்குத் தெரிஞ்ச வார்த்தைதானே? மொத்த வார்டும் அதை வச்சுத்தான ஓடுது."

"அது ஒண்ணுதான்."

"மேடம், எனக்கு இது கடைசித் தடவை. விளையாடாதீங்க."

"விளையாடல."

ஜெபக்கனிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"உங்களுக்கு என்ன மேடம்? சொல்லிட்டு நீங்க சொகமாப் படுத்துக்கிடுவீங்க."

சொன்ன மறுவிநாடி நாக்கைக் கடித்துக்கொண்டாள். யாரைப் பார்த்து என்ன வார்த்தை சொல்லிவிட்டோம் என்று அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

சங்கரவடிவு கோபிக்கவில்லை.

"ஆமா, படுத்துத்தான் கிடக்கேன்," என்றாள். "சனிக்கிழமை வாங்க."

சனிக்கிழமை லீவு போட்டிருந்தாள் ஜெபக்கனி. ஆனாலும் காலை ஏழு மணிக்கு வார்டில் வந்து நின்றாள். யூனிஃபார்ம் இல்லை. பரீட்சைக்கென்று கஞ்சி போட்டுத் தேய்த்த கைத்தறிச் சேலை. தோளில் பை, பையில் ஹால் டிக்கெட்.

நாலாம் மெஷினில் அப்போதுதான் ஊசி போட ஆயத்தம் நடந்துகொண்டிருந்தது. டியூட்டியில் இருந்த நர்ஸை ஜெபக்கனி கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னாள்.

"ஃபிஸ்டுலா லத்தீன் சொல் மேடம்," என்றாள். "குழாய்னு அர்த்தம். நாணல் குழாய். வாயில வச்சு ஊதுவாங்களே, அந்தக் குழலுக்கும் அதே பேருதான்."

சங்கரவடிவு வலது கையை நீட்டினாள்.

அந்தக் கையில்தான் ஃபிஸ்டுலா இருந்தது. தமனியையும் சிரையையும் ஆபரேஷனில் ஒட்டவைத்தால், சிரை கயிறு மாதிரிப் புடைத்து எழும். அதில்தான் தடித்த ஊசிகளைக் குத்த முடியும். ரத்தம் அதற்குள் சீறிக்கொண்டு ஓடுவதால் அது எப்போதும் இரைந்துகொண்டே இருக்கும். இரைச்சல் நின்றால் உள்ளே கட்டியாக உறைந்து அடைத்துவிட்டது என்று அர்த்தம். இடது கையில் போட்டது போன வருஷமே அடைத்துவிட்டது. கழுத்தில் வைத்த குழாயில் சீழ் பிடித்தது. இந்த வலது கையை விட்டால் சங்கரவடிவுக்கு வேறு நல்ல இடம் இல்லை என்று டாக்டர்கள் எப்போதோ சொல்லியாயிற்று.

ஊசி போடும் முன் ஒவ்வொரு தடவையும் ஸ்டெதஸ்கோப்பை அந்த இடத்தில் வைக்க வேண்டும். ஜெபக்கனியும் ஆயிரம் கைகளில் வைத்திருக்கிறாள். வைத்ததும் எடுத்துவிடுவாள். "ஓடுது" என்பாள். தாளில் ஒரு டிக். அடுத்த மெஷின்.

இன்றைக்கு அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள். எடுக்கவில்லை.

தூரத்தில் மாவு மில் ஓடுவது போல அடித்தொண்டையில் ஒரு சத்தம் வர வேண்டும். விடாமல் வர வேண்டும். வந்தது. ஆனால் அறுந்து அறுந்து வந்தது. ஸ்டெதஸ்கோப்பை மெல்ல மேலே நகர்த்தினாள். முழங்கைக்குப் பக்கத்தில் சத்தம் மாறியது. மெலிசாக, கூர்மையாக, யாரோ பல்லிடுக்கில் சீட்டி அடிப்பது போல.

மறுபடி கீழே வந்தாள். மறுபடி மேலே போனாள்.

அதே இடத்தில் அதே சீட்டி.

"என்னக்கா, ஓடுதுலா?" என்றாள் டியூட்டி நர்ஸ்.

"ஓடுது. ஊசி போடாத. டாக்டரைக் கூப்பிடு."

இசக்கிராஜ் வந்தார். விரலை வைத்துப் பார்த்தார், அதிர்வு இருந்தது. ஸ்டெதஸ்கோப்பை வைத்து எடுத்தார்.

"ஓடுதே சிஸ்டர். வியாழக்கிழமை கூட ஃப்ளோ நல்லா இருந்துதே. வேணும்னா திங்கக்கிழமை ஸ்கேன் எடுத்துக்கிடலாம். நீங்க பரீட்சைக்குக் கிளம்புங்க. இன்னைக்கு வேற பரீட்சை சென்டர் போற ரோடெல்லாம் தோண்டிப் போட்டிருக்கான்."

ஜெபக்கனி நகரவில்லை.

"சார், நானும் இத்தனை வருஷமா ஓடுதா இல்லையான்னு மட்டும்தான் பார்த்தேன். நீங்க ஒரே ஒரு தடவை முழுசாக் காது குடுங்க. முழங்கைகிட்ட."

"சிஸ்டர், மணி ஏழரை."

"தெரியும் சார்."

"உங்களுக்குக் கடைசி சான்ஸ்னு சொன்னீங்க."

"அவங்களுக்கும் இது கடைசிக் கை சார்."

இசக்கிராஜ் அவள் முகத்தைப் பார்த்தார். இவள் கிளம்புகிற வகை இல்லை என்று தெரிந்துகொண்டார். ஸ்டூலில் உட்கார்ந்தார். இந்த முறை அவரும் அவசரப்படவில்லை. கொஞ்ச நேரத்தில் கண்ணை மூடினார். மூடின கண்ணைத் திறக்காமலே, "ஸ்கேன் ரூமுக்குச் சொல்லுங்க," என்றார்.

ஸ்கேன் ரூமைத் திறக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆள் வரவில்லை, சாவி இல்லை, லிஃப்ட் மேலேயே நின்றது. ஜெபக்கனி ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்து நடத்தினாள். கஞ்சி போட்ட சேலை கசங்கியது. ஸ்கேனுக்குப் பூசிய ஜெல்லின் ஈரம் முந்தானையில் ஒட்டியது.

படத்தில் தெரிந்தது. முழங்கைக்குக் கீழே ரத்தக்குழாய் சுருங்கி நூலாக இருந்தது. அதன் வழியாகத்தான் அத்தனை ரத்தமும் நெருக்கியடித்துக்கொண்டு போயிருக்கிறது.

"திங்கக்கிழமை வரைக்கும் தாங்கியிருக்காது," என்றார் இசக்கிராஜ். போனைக் காதில் வைத்தபடியே சொன்னார். "பலூன் விட்டு விரிச்சிரலாம். இன்னைக்கே பண்ணுறாங்க. கை பிழைச்சிரும்."

சங்கரவடிவைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்து வராந்தாவுக்குக் கொண்டுவந்தார்கள். ஜெபக்கனி கூடவே நடந்தாள். லிஃப்ட் வாசலில் வண்டி நின்றது.

"மணி என்ன சிஸ்டர்?"

"ஒன்பதேகால்."

"பரீட்சை பத்துக்குத்தான?"

"ஆமா மேடம்."

சங்கரவடிவு படுத்தபடியே அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"உருப்போட்ட வார்த்தையெல்லாம் இப்ப ஞாபகத்துல இருக்கா?"

ஜெபக்கனி யோசித்தாள். இரண்டு ராத்திரி கண்ணைக் கசக்கிக்கொண்டு படித்தது எங்கே போயிற்றென்று தெரியவில்லை. ஒன்றுகூட மேலே வரவில்லை.

"ஒண்ணும் இல்ல மேடம்."

"பயமா இருக்கா?"

அதற்கும் அவள் நேர்மையாக யோசித்துத்தான் பதில் சொன்னாள். நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள். போன இரண்டு தடவையும் இந்த நேரத்தில் ஹால் டிக்கெட்டை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு அது பையிலேயே கிடந்தது.

"இல்லையே மேடம்," என்றாள். அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

லிஃப்ட் வந்து நின்றது. வண்டியை உள்ளே தள்ளினார்கள்.

"அப்ப ஏன் இன்னும் நிக்கீங்க?" என்றாள் சங்கரவடிவு.